பழைய பி.எம்.டபிள்யூவும் உப்புக் காற்றும்: வாங்கிய முதல் வருடம் எதை, எங்கே செய்வது?

குளச்சலுக்குப் பக்கத்தில், கடலிலிருந்து அரை கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு வீட்டில், மூன்று வருடம் பெரும்பாலும் நின்றபடியே இருந்த பி.எம்.டபிள்யூ 520டி ஒன்றைப் போன வருடம் வாங்கினேன். 2014 மாடல், மீட்டரில் 78,000 கிலோமீட்டர். அந்த வீட்டின் சொந்தக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர். லீவுக்கு வரும்போது எடுத்து ஓட்டுவார், திரும்பிப் போகும்போது கவர் போட்டு மூடிவிடுவார். கறுப்பு பெயின்ட்டில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. தக்கலையில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது பின்பக்க சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) போல்ட்டுகள் செங்கல் நிறத்தில் இருந்தன. விரலால் தேய்த்தால் துகள் உதிர்ந்தது. "அண்ணே, மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. கடலு கீழ இருந்துல்லா தின்னுது" என்றார் மெக்கானிக்.

வண்டி விலை பேசும்போதே பராமரிப்புக்கென்று மூன்று லட்சம் ரூபாய் தனியாக எடுத்து வைத்திருந்தேன். பழைய சொகுசுக் கார் வாங்குகிற யாரும் கார் விலையில் நான்கில் ஒரு பங்கையாவது இப்படி ஒதுக்கி வைக்காமல் இறங்கக் கூடாது. புதிதாக இருந்தபோது அரைக் கோடியைத் தொட்ட வண்டி இன்று அதில் கால்வாசிக்குக் கிடைக்கலாம். ஆனால் அதன் உதிரி பாகங்களின் விலை வண்டியோடு சேர்ந்து இறங்குவதில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்படி ஒரு வண்டியை எடுத்தவர் முன்னால் மூன்று வழி இருக்கிறது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்க் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடலாம். அதே ஊரில் ஜெர்மன் வண்டிகளை மட்டும் பார்க்கும் தனியார் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கலாம். இல்லை, தரமான பாகங்களை நாமே வாங்கி, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தெரிந்த மெக்கானிக்கிடம் மாட்டச் சொல்லலாம். மூன்றையும் நான் பார்த்துவிட்டேன். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் கொடுப்பதுதான் இருப்பதிலேயே செலவு கூடிய வழி. வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எந்த வேலை எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த வேலைக்குத் தேவைப்படும் கருவி.

கம்பெனி சர்வீஸ்: சோதனைக்கு மட்டும்

முதல் தடவை கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும் என்பேன். பழுது பார்க்க அல்ல, சோதனைக்கு. சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் இந்த வண்டி கம்பெனியில் எப்போதெல்லாம் சர்வீஸ் ஆனது, அப்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்ற விவரத்தைப் பார்த்துச் சொல்ல முடியும். மீட்டர் திருத்தப்பட்டிருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். ரீகால் வேலை, அதாவது தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே திரும்ப அழைத்துச் செய்து கொடுக்கும் வேலை, ஏதாவது பாக்கி இருந்தால் அதற்குப் பணம் வாங்க மாட்டார்கள். வண்டியின் எல்லா கண்ட்ரோல் யூனிட்டுகளையும் அவர்களுடைய கணினியில் போட்டுப் படிப்பார்கள். கடைகளில் இருக்கும் பொதுவான ஸ்கேனர் எஞ்சின் கோளாறைக் காட்டும். ஸ்டீயரிங், ஏர்பேக், கதவு மாடியூல் என்று உள்ளே போய்ப் படிக்க எல்லா ஸ்கேனராலும் ஆகாது.

சோதனை முடிந்து கையில் கொடுத்த பட்டியல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அதைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். கம்பெனியின் முறை அது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்ம் ஒன்றின் புஷ் (முனையில் இருக்கும் ரப்பர் பாகம்) போயிருந்தால் ஆர்மையே மாற்றுவார்கள், ஒரு பக்கம் போயிருந்தால் இரண்டு பக்கமும் எழுதுவார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை, அவர்கள் வாரண்டி கொடுக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டு வருடத்தை எட்டும் வண்டிக்கு அந்தப் பட்டியலை அப்படியே ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. நான் அதை மூன்றாகப் பிரித்தேன்: ஓட்டவே ஆபத்தானவை, ஒத்திப்போட்டால் பெரிய செலவாகிறவை, பார்வைக்கு மட்டும் ஆனவை. முதல் இரண்டும் சேர்ந்து பாதிகூட வரவில்லை.

தனியார் ஸ்பெஷலிஸ்ட்: கியர்பாக்ஸும் எஞ்சினும்

இந்த வண்டியில் இருப்பது இசட்.எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். இதன் ஆயிலை வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்றுதான் பலரும் சொல்வார்கள். கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப் சொல்வது வேறு: 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்ற வேண்டும். கியர்பாக்ஸைச் செய்தவரின் பேச்சைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

இந்த வேலையை ஏன் நம் ஊரில் செய்யக் கூடாது என்று பலர் கேட்டார்கள். இதில் ஆயில் ஃபில்டர் தனியாக இல்லை, அடியில் ஆயில் தங்கும் பிளாஸ்டிக் தட்டுக்குள்ளேயே, அதாவது பேனுக்குள்ளேயே, பதிந்திருக்கிறது. பேனோடுதான் மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், ஆயில் அளவு பார்க்கும் விதம். அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் கிடையாது. எஞ்சினை ஓட விட்டு, ஆயில் குறிப்பிட்ட சூட்டுக்கு வரும்போது, அதாவது 30 முதல் 50 டிகிரிக்குள், நிரப்பும் துளை வழியாக மெல்லிசாக வழியத் தொடங்கும் இடம்தான் சரியான அளவு. அந்தச் சூட்டை ஸ்கேனரில் பார்த்தபடி செய்ய வேண்டும். நம் ஊர் வெயிலில் ஓட்டி வந்த வண்டியில் ஆயில் அந்த அளவைத் தாண்டியே இருக்கும். எனவே காலையில் கொண்டுபோய் விட்டு, ஆற விட்டு, மதியத்துக்கு மேல்தான் கை வைத்தார்கள். கூடினாலும் குறைந்தாலும் கெடப்போவது கியர்பாக்ஸ். இந்த ஒரு வேலைக்குத் தனியார் ஸ்பெஷலிஸ்டிடம் ஆன செலவு கம்பெனி சொன்னதில் முக்கால்வாசிக்கும் கீழே. போட்டது அதே இசட்.எஃப் பேன், அதே இசட்.எஃப் ஆயில்.

எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் சங்கிலியான டைமிங் செயின் விஷயமும் இவர்களிடம்தான். 520டி-யின் என்47 டீசல் எஞ்சினில் செயின் முன்னால் இல்லை, பின்னால் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ கழற்றியாக வேண்டும். வாங்கும் முன், இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் நம் முன்னால் முதல் தடவை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். ஓனர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சினின் பின்பகுதியிலிருந்து சங்கிலி உரசுவது போலச் சத்தம் வந்தால் மற்ற எந்தச் செலவும் அதற்கு அப்புறம்தான். என் வண்டியில் அந்தச் சத்தம் இல்லை. இருந்திருந்தால் விலையில் ஒரு பெரிய தொகையைக் குறைத்திருப்பேன், இல்லையென்றால் விட்டிருப்பேன்.

பேட்டரிக்கு நான் வழி தவறினேன். அதுவும் சாதாரண வேலைதானே என்று பக்கத்திலிருந்த ஒரு கடையில் மாற்றினேன். டிக்கியில் வலது பக்கம் இருக்கும் பேட்டரி ஏ.ஜி.எம் வகை. எஞ்சின் தானே நின்று தானே ஸ்டார்ட் ஆகும் வசதி உள்ள வண்டி என்பதால் அந்த வகைதான் வேண்டும். கடையில் மாட்டியது சாதாரண வகை. புது பேட்டரி மாட்டியிருக்கிறது என்று வண்டியின் கணினியில் பதியவும் இல்லை. பதியாவிட்டால், பழைய பேட்டரிக்குக் கொடுத்த மாதிரியே புதியதற்கும் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கும். ஐந்து மாதத்தில் திரையில் வரிசையாக எச்சரிக்கை. ஸ்டீயரிங் கோளாறு, டிராக்ஷன் கோளாறு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் வந்தன. எல்லாவற்றுக்கும் காரணம் வோல்டேஜ் இறங்கியதுதான். இந்த வகை வண்டிகளில் புரியாத கோளாறுகள் கூட்டமாக வந்தால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள்.

நம் ஊர் மெக்கானிக்: ரப்பரும் பிரேக்கும்

எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் தக்கலையிலேயே செய்தேன். இதற்கெல்லாம் 50 கிலோமீட்டர் தாண்டி, களியக்காவிளை நெரிசலில் நின்று போக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நிபந்தனை உண்டு. பாகத்தை நாம் சரியாக வாங்கிக் கொடுக்க வேண்டும்.

சேசிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுத்தால் அந்த வண்டிக்கு உரிய பாகத்தின் எண் கிடைத்துவிடும். அந்த எண்ணை வைத்து லெம்ஃபோர்டர் ஆர்ம், சாக்ஸ் ஷாக் அப்சார்பர், மான் ஃபில்டர், டெக்ஸ்டார் பிரேக் பேட் என்று வாங்கலாம். இவர்கள் எல்லாரும் ஜெர்மன் கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுக்கிறவர்கள். கம்பெனி லோகோ போட்ட பெட்டிக்கும் இவர்களுடைய சொந்தப் பெட்டிக்கும் விலையில் பெரிய இடைவெளி இருக்கும். பாதி விலைக்கு யாரோ செய்த ஆர்ம் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். இதிலே மிச்சம் பிடித்த பணம் டயரில் போகும்.

முன்பக்க ஆர்ம் ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்தார் மெக்கானிக். அலுமினியத்தில் வார்த்தது, இத்தனை வருடம் கழித்தும் உறுதியாக இருந்தது. அதன் முனையில் இருக்கும் புஷ் வெறும் ரப்பர் இல்லை. உள்ளே எண்ணெய் நிரப்பியிருக்கும், அதிர்வை அதுதான் விழுங்கும். அந்தப் புஷ்ஷில் கடிகாரத்தின் நான்கு மணி இடத்தில் ஒரு வெடிப்பு. நகத்தைக் கொடுத்தால் உள்ளே போனது. எண்ணெய் என்றைக்கோ வெளியேறி, ஆர்ம் முழுக்கக் கறுப்பாகத் தூசியோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கியதற்கு டிஸ்க்தான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். இந்த வெடிப்புதான் காரணம். ஓடாமல் நிற்கும் வண்டியில் ரப்பர் காய்ந்து போகும் என்பது, குறைந்த கிலோமீட்டரைப் பார்த்து மயங்குகிறவர்களுக்குத் தெரிவதில்லை. என் அனுபவத்தில் வாரா வாரம் ஓடிய 1,20,000 கிலோமீட்டர் வண்டி, நின்றே கிடந்த 60,000 கிலோமீட்டர் வண்டியைவிட எவ்வளவோ மேல்.

புது ஆர்ம் மாட்டும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். புஷ் போல்ட்டுகளின் கடைசி முறுக்கு, சக்கரம் தரையில் பட்டு வண்டியின் எடை முழுக்க இறங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும். லிஃப்டில் தொங்கும் நிலையிலேயே முறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். நம் மெக்கானிக்குகளுக்கு இது தெரியாது என்று இல்லை. அவசரத்தில் விட்டுப்போகும். பக்கத்தில் நின்று சொன்னால் செய்துவிடுவார்கள். அப்புறம் கண்டிப்பாக வீல் அலைன்மென்ட்.

எஞ்சின் ஆயில் 5டபிள்யூ-30, பி.எம்.டபிள்யூவின் தர அளவான லாங்லைஃப்-04 என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். வண்டியின் கணினி சொல்லும் நீண்ட இடைவெளியை நான் பின்பற்றுவதில்லை. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுகிறேன். செயின் பின்னால் இருக்கும் எஞ்சினுக்கு ஆயிலில் கஞ்சத்தனம் கூடாது.

அடிப்பாகமா, பெயின்ட்டா?

நம் மாவட்டத்துக்குக் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர். கன்னியாகுமரி முதல் நீரோடி வரை எங்கே குடியிருந்தாலும் ஜூன் முதல் உப்புக் காற்று வண்டியின் மேல் படியும். தென்மேற்குப் பருவமழை போனதும் வடகிழக்கு வந்துவிடும். வருடத்தில் இரண்டு மழைக்காலம். அடிப்பாகம் முழுசாகக் காய்வதற்கே சில மாதங்கள்தான் கிடைக்கின்றன. இந்த நிலைமையில் புது ஓனர்கள் பெரும்பாலும் முதல் 40,000, 50,000 ரூபாயை, பெயின்ட்டுக்கு மேல் பூசும் செராமிக் கோட்டிங்கில் போடுகிறார்கள். மனதுக்குப் பிடித்த வண்டி பளபளக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பணம் முதலில் அடியில் போக வேண்டும்.

இந்த மாடலில் பானட், முன் மட்கார்டுகள், கதவுகள் எல்லாம் அலுமினியம். துரு அவற்றைத் தின்னாது. இதில் ஒரு உபதகவல்: பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் காந்தம் வைத்துப் பட்டி போட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த வண்டியில் கதவில் காந்தம் ஒட்டாது. பட்டி அடித்த வண்டி என்று நினைத்து ஒருவர் எனக்கு முன்னால் இதை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பெயின்ட்டின் கனம் அளக்கும் மீட்டரும் அலுமினியத்தை அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஆனால் அடியில் உள்ள போல்ட்டுகள், பிராக்கெட்டுகள், பிரேக் டிஸ்க் எல்லாம் இரும்பு. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். அதைத் தடுக்க இரண்டு வகைப் பூச்சு கிடைக்கிறது. ஒன்று தார் போலக் கறுப்பாக, கெட்டியாக அடிப்பது. இன்னொன்று மெழுகு வகை, காய்ந்த பிறகும் லேசாகப் பிசுபிசுக்கும். புது வண்டிக்குக் கெட்டிப் பூச்சு சரி, கல் அடித்தாலும் தாங்கும். ஏற்கெனவே துரு பிடித்த வண்டியில் அதை அடித்தால், துருவையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டுகிற மாதிரி. மேலே எல்லாம் கறுப்பாக அழகாக இருக்கும், உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். பழைய வண்டிக்கு மெழுகு வகையைத்தான் தேர்ந்தெடுத்தேன். முதலில் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டுகளையெல்லாம் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் காய விட்டு, துருவை கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அடித்தோம். வருடத்துக்கு ஒரு முறை மழைக்கு முன் மேலோட்டமாகத் திரும்ப அடிக்க வேண்டும். அது ஒன்றுதான் இதன் குறை.

நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடலோர ஊர்களில் பல வீட்டுக் கிணற்றிலும் போரிலும் வருவது உப்புத் தண்ணீர். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றினால் என்ன பயன்? கறுப்பு வண்டியில் அது காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வட்டம் வட்டமாக நிற்கும், அப்புறம் பாலிஷ் போட்டால்தான் போகும். கடல் பக்கம் இருக்கிறவர்கள் வாரம் ஒரு முறை கடலை விட்டுத் தள்ளி இருக்கும் ஊருக்கு வந்து வாட்டர் வாஷ் செய்வது நல்லது, அடிப்பாகத்தையும் சேர்த்து.

பெயின்ட்டுக்கு நான் செய்தது மெஷின் பாலிஷும் மெழுகும் மட்டும். முன் பம்பருக்கும் பானட்டின் முன் ஓரத்துக்கும் பி.பி.எஃப் (பெயின்ட்டைக் காக்கும் ஒளி ஊடுருவும் ஃபிலிம்) ஒட்டினேன். கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகளுக்குப் பின்னால் நம் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு அதன் தேவை தெரியும். வண்டி முழுக்க ஒட்ட லட்சத்தைத் தாண்டும். இந்த வயது வண்டிக்கு அது வேண்டாம்.

டயரும் உள்ளேயும்

டயரில் தேர்வு சுலபம் இல்லை. வண்டியோடு வந்தது ரன்-ஃப்ளாட். காற்று முழுக்க இறங்கினாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 80 கிலோமீட்டர் ஓடலாம். என் வண்டியில் ஸ்டெப்னி இல்லை. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் இரவில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ரன்-ஃப்ளாட் தரும் நிம்மதி பெரியது. ஆனால் பக்கவாட்டுச் சுவர் கெட்டி என்பதால் நம் ரோட்டுக் குழிகள் ஒவ்வொன்றும் முதுகில் தெரியும், விலையும் கூடுதல். நான் சாதாரண டயருக்கு மாறினேன். 225/55 ஆர்17, கூடவே பஞ்சர் கிட், காற்று அடிக்கும் சின்ன பம்ப். நான் பெரும்பாலும் நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் ஓட்டுகிறவன். எந்த இடத்திலும் ஐந்து நிமிடத்தில் ஒரு பஞ்சர் கடை உண்டு. அடிக்கடி தனியாகத் தூரம் போகிற பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் ரன்-ஃப்ளாட்டை மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். எது வாங்கினாலும் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 3218 என்றால் 2018-ன் 32-வது வாரம். என் வண்டியில் பட்டன் தேயாமல் நன்றாக இருந்த டயர்கள் ஏழு வருடப் பழசு. பட்டனைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

உள்ளே லெதர் சீட்டுக்குக் கவர் தைப்பதா, சாயம் ஏற்றுவதா என்று கேட்டால், சாயம் ஏற்றுவதுதான். சீட்டின் ஓரத்திலேயே ஏர்பேக் இருக்கும் வண்டிகளில் அதை மறைத்துக் கவர் தைப்பது ஆபத்து. என் வண்டியில் ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம்தான் அதிகம் வெளுத்திருந்தது, ஏறி இறங்கும் பக்கம். அதை மட்டும் சரி செய்துகொண்டேன்.

ஏ.சி. போட்டால் வந்த பூஞ்சை வாசனைக்கு மூன்று பேர் மூன்று ஸ்பிரே பரிந்துரைத்தார்கள். வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்த்தால், தண்ணீர் இறங்கும் துளை முழுக்கத் தென்னம்பூவும் மட்கிய இலையும். இரண்டு கைப்பிடி அள்ளினேன். துளை அடைத்தால் தண்ணீர் தேங்கி ஃபில்டர் வரை ஈரமாகும். தோட்டத்து வீடுகளில் நிறுத்துகிறவர்களுக்கு ரப்பர் இலை உதிரும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இது கட்டாய வேலை. சன்ரூஃப் உள்ள வண்டிகளில் அதன் நான்கு மூலைக் குழாய்களையும் பாருங்கள். கம்ப்ரஸர் காற்று அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றுவிடும். புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் நூலை மெதுவாக விட்டு எடுத்தால் போதும்.

கேரளப் பதிவு வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று பார்க்கிறவர்கள் இன்னொரு செலவையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வேறு மாநிலப் பதிவோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க முடியாது, அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி நம் மாவட்டப் பதிவான டிஎன் 74 அல்லது டிஎன் 75-க்கு மாற்றி, இங்கே வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையைப் பராமரிப்புக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து எடுக்காதீர்கள்.

நான் ஒதுக்கிய மூன்று லட்சத்தில் இதுவரை 2,40,000 போயிருக்கிறது. அதில் பெரிய பங்கு கியர்பாக்ஸும் சஸ்பென்ஷனும், அடுத்தது டயர். பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் லேசாகக் கசியத் தொடங்கியிருக்கின்றன. மீதிப் பணம் அதற்கு. மே மாதம், மழைக்கு முன்னால், அடியில் மெழுகு திரும்ப அடிக்கும் அன்றைக்கே தக்கலையில் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.